பழைய காரின் ஏசி: ஹோஸும் ஆயிலும் கேஸும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, ராஜபாளையத்தைக் கடந்ததும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே சென்று, புளியரைக்கு மேலே மலையேறி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. இந்தச் சாலையில் ஓடும் காருக்கு ஏசி இருவேறு காரணங்களுக்காகத் தேவைப்படுகிறது. சித்திரை, வைகாசியில் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துச் சமவெளியில் வெயில் கொளுத்தும்போது குளிர்ச்சிக்காக அது ஓடுகிறது. ஆனி, ஆடியில் குற்றாலச் சீசன் தொடங்கி, கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைத் தூவும்போது, முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் ஈரப்படலத்தை அகற்றுவதற்காக ஓடுகிறது. குளிர்ந்த சுருளின்மீது பட்டுச் செல்லும் காற்று தன் ஈரத்தை அங்கேயே நீராக விட்டுச் செல்வதால், ஏசி ஓடும் காரில் கண்ணாடி சில நிமிடங்களில் தெளிந்துவிடுகிறது. ஏசி பழுதான காரில், ஐந்து பேர் மூச்சுவிட, சன்னல்களைச் சாரலுக்குப் பயந்து ஏற்றிவிட்டு, புளியரை வளைவுகளில் துணியால் கண்ணாடியைத் துடைத்தபடியே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே இப்பகுதியில் பழைய வாகனத்தின் ஏசியைச் சீர்செய்வதைச் சொகுசுச் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது.

பழைய கார்களுக்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் கோடைதோறும் ‘கேஸ் ஏற்றுவது’ ஆகும். பெட்ரோல் எரிந்து தீர்வதைப் போல ஏசியின் கேஸ், அதாவது குளிரூட்டும் வாயு, ஓடி ஓடித் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய சுற்றுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறிமாறிச் சுற்றி வருவது; அளவு குறைந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்பது ஒன்றே பொருள். ஓராண்டு வாயு நிரப்பி மறு ஆண்டும் நிரப்ப நேர்ந்தால், அந்தப் பணம் முழுவதும் காற்றோடு போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். பழைய வாகனங்களில் அந்தக் கசிவு பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கிறது: ரப்பர் ஹோஸ்களிலும் அவற்றின் உலோக முனைகளிலும், இணைப்புகளில் உள்ள ஓ ரிங்குகளிலும், கம்ப்ரசரின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள ஷாஃப்ட் சீலிலும். இம்மூன்றில் ஹோஸை முதலில் பார்ப்பதற்குக் காரணம், எந்த வாயுவைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியும் எந்த ஹோஸ் போடுவது என்ற கேள்வியும் ஒன்றையொன்று விட்டுப் பிரிக்க முடியாதவை என்பதே.

ஏசியின் சுற்று எளிமையானது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர் ஆவியை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அந்த ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் ஈரத்தையும் தூசியையும் வடிகட்டும் டிரையர் பாட்டில் வழியாகச் சென்று, எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் நுண்துளையில் அழுத்தம் இழந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து அது எடுத்துக்கொள்வதே நாம் உணரும் குளிர்ச்சி. பின்னர் அந்த ஆவி மீண்டும் கம்ப்ரசரை வந்தடைகிறது. இந்தச் சுற்று முழுவதையும் உலோகக் குழாயாலேயே அமைத்துவிட முடியாது. கம்ப்ரசர் எஞ்சினோடு பொருத்தப்பட்டிருப்பதால், எஞ்சின் தன் ரப்பர் மவுண்டுகளில் ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடுகிறது. கண்டென்சரும் கூலிங் காயிலும் காரின் உடலோடு பிணைந்து அசையாமல் நிற்கின்றன. ஆடும் பொருளையும் அசையாப் பொருளையும் இணைக்க வளையும் ஹோஸ் வேண்டும். அந்த ஹோஸ் ஒரு பக்கம் எஞ்சின் சூட்டையும், உள்ளே 15 பாருக்கு மேல் உயரக்கூடிய அழுத்தத்தையும், கல் சாலையின் அதிர்வையும் ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. ரப்பரில் கலந்துள்ள மென்மையாக்கும் பொருள்கள் நாளடைவில் வெளியேறி, அது இறுகி, உலோக முனைக்கு அருகில் மெல்லிய வெடிப்புகள் விடுகிறது.

கசிவைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி இல்லாதபோதும் ஒரு தடயம் கிடைக்கும். சுற்றில் வாயுவோடு கம்ப்ரசரின் ஆயிலும் கலந்தே ஓடுவதால், வாயு கசியும் இடத்தில் ஆயிலும் நூலளவு வெளியே வருகிறது. வாயு பறந்துவிட, ஆயில் தங்கி, சாலைத் தூசியை ஈர்த்துக் கறுப்புக் களிம்பாகப் படிகிறது. ஹோஸின் முனையை இறுக்கிப் பிடித்திருக்கும் அலுமினிய வளையத்தின் ஓரத்தில் அத்தகைய களிம்பு வட்டமாகப் படிந்திருந்து, அதைத் துடைத்துவிட்டுச் சோப்பு நுரை தடவினால் மெல்லக் குமிழிகள் எழுமானால், அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது என்று அறியலாம். முனையை மேலும் நசுக்கி இறுக்குவதும், பசை பூசுவதும், சுற்றுக்குள் கசிவடைப்புத் திரவம் ஊற்றுவதும் பயன் தருவதில்லை; கடைசியாகச் சொன்னது எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைத்துவிடக்கூடும்.

எந்த ஹோஸ் என்பதைத் தீர்மானிக்கும் முன் வாயுவின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும். 1928இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியின் குழு கண்டறிந்த ஆர் 12 என்னும் வாயு, எரியாதது, நச்சுத்தன்மை மிகக் குறைந்தது, கடல்மட்ட அழுத்தத்தில் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில் கொதிப்பது ஆகிய சிறப்புகளால் உலகெங்கும் காரிலும் வீட்டுக் குளிர்பெட்டியிலும் நிறைந்தது. அதன் மூலக்கூறில் உள்ள குளோரின் வானின் உயரத்தில் உள்ள ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பது அறிவிக்கப்பட்டது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. அக்காலத்தில் இந்தியாவில் இவ்வகை வாயுக்களைத் தயாரித்தவை நான்கு நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மார், ‘மெட்ரான்’ என்ற பெயரில் மேட்டூரில் தயாரித்தது. தமிழ்நாட்டின் பழைய ஏசி மெக்கானிக்குகள் பலர் தொழில் கற்றபோது கையாண்ட சிலிண்டர்களில் மேட்டூர் வாயுவும் இருந்தது. 1999இல் உடன்படிக்கையின் பலதரப்பு நிதியம் இந்நிறுவனங்களின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த 8.2 கோடி டாலர் இழப்பீடு ஒப்புக்கொண்டது. 2000ஆம் ஆண்டு வந்த ஓசோன் சிதைக்கும் பொருள்கள் பற்றிய விதிகள், 2003 ஜனவரி 1க்குப் பின் புதிய குளிரூட்டும் சாதனங்களில் இவ்வாயுக்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்தன. ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலருக்கான சிறு அளவு நீங்கலாக, 2008 ஆகஸ்ட் 1 அன்று, கெடுவுக்குப் பதினேழு மாதம் முன்னதாகவே, உற்பத்தி நாட்டில் நின்றது. வளரும் நாடு ஒன்று தொழிற்சாலை, பட்டறை, சட்டம் ஆகிய மூன்றையும் ஒருசேரத் திருப்பிய இந்தச் செயல் பாராட்டப்பட்ட அளவு போதாது என்றே சொல்ல வேண்டும்.

இதனால் இன்று சாலையில் உள்ள பழைய கார்கள் இரு வகையாகப் பிரிகின்றன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா, முதல் தலைமுறை மாருதி 800 போன்றவற்றில் ஏசி இருந்தால் அது பெரும்பாலும் ஆர் 12க்காக அமைக்கப்பட்டது. அதிலும் அம்பாசடர், பத்மினி ஆகியவற்றில் கூலிங் காயில் பெட்டியை டாஷ்போர்டுக்குக் கீழே வெளியிலிருந்து பொருத்துவது வழக்கம். அதன் பின் வந்தவை, சில ஆண்டுகள் முன்பின்னாக, ஆர் 134ஏ என்னும் வாயுவுக்கு மாறிவிட்டன. அம்பாசடரும் மாருதி 800உம் 2014 வரை உற்பத்தியில் இருந்தமையால், ஒரே பெயருடைய இரு கார்கள் இரு வெவ்வேறு வாயுவுக்கானவையாக இருப்பதும் உண்டு. பானட்டின் உட்புறத்தில் உள்ள ஒட்டுச்சீட்டு அழிந்துபோயிருந்தால் வாயு ஏற்றும் வாய்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: ஆர் 12க்கு மறையிட்டுத் திருகும் சிறிய வாய்கள், ஆர் 134ஏக்கு அழுத்தினால் ‘கிளிக்’ என்று பற்றிக்கொள்ளும் மறையில்லாத வாய்கள், தாழ்ந்த அழுத்தப் பக்கத்துக்கு 13 மில்லிமீட்டரும் உயர்ந்த அழுத்தப் பக்கத்துக்கு 16 மில்லிமீட்டரும் விட்டமுடையவை. ஒன்றுக்கான ஹோஸ் மற்றொன்றில் ஏறக்கூடாது என்பதற்காகவே இந்த வேறுபாடு வைக்கப்பட்டது. இதை ஏமாற்றும் அடாப்டர்கள் கடையில் கிடைக்கின்றன. ஆகையால், வாயைப் பார்த்து அறிந்தாலும், முந்தைய மெக்கானிக் என்ன நிரப்பினார் என்று விசாரிப்பது நல்லது.

ஆர் 12 காரை ஆர் 134ஏக்கு மாற்றும்போது பலரும் வாயுவை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். முதல் இடர் ஹோஸில் உள்ளது. பழைய ஹோஸ் நைட்ரைல் ரப்பரும் நூல் பின்னலும் மட்டுமே கொண்டது. ஆர் 12இன் மூலக்கூறு எடை 121. ஆர் 134ஏயினுடையது 102. சற்றுச் சிறிய இந்த மூலக்கூறு ரப்பரின் ஊடாகவே மெல்ல ஊடுருவி வெளியேறக்கூடியது. ஓட்டையோ வெடிப்போ வேண்டியதில்லை. இதற்காகவே ‘பேரியர் ஹோஸ்’ என்னும் தடுப்பு ஹோஸ் வந்தது: ரப்பர் அடுக்குகளின் நடுவே மெல்லிய நைலான் படலம் ஒன்று வாயுவைத் தடுக்க, வெளியே பின்னல் அழுத்தத்தைத் தாங்க, அதன் மேல் இன்னோர் ரப்பர் அடுக்கு எஞ்சின் சூட்டைத் தாங்குகிறது. பழைய ஆயில் ஊறிய ரப்பர் தானே ஓரளவு தடுப்பாகிவிடும் என்ற கருத்து பட்டறைகளில் உண்டு. அதில் சிறிது உண்மை இருந்தாலும், இருபது முப்பது ஆண்டு பழகி இறுகிய ரப்பரை நம்பிப் புதிய வாயுவை நிரப்புவது விவேகமன்று. மாற்றுகிறபோதே ஹோஸையும் மாற்றிவிடுவதே கணக்குக்கு ஒத்துவரும்.

கார் ஏசியில் ஹோஸ்கள் பொதுவாக மூன்று பருமன்களில் வருகின்றன. கடைகளில் அவை எண்ணால் குறிக்கப்படுகின்றன. திரவம் செல்லும் லிக்விட் லைன் 6ஆம் எண், அதன் உள்விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். கம்ப்ரசரிலிருந்து சூடான ஆவியை எடுத்துச் செல்லும் டிஸ்சார்ஜ் லைன் 8ஆம் எண், 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கூலிங் காயிலிலிருந்து குளிர்ந்த ஆவியைக் கொண்டுவரும் சக்ஷன் லைன் 10ஆம் எண், 13 மில்லிமீட்டர் அளவு. அழுத்தம் குறைந்த ஆவி கூடுதல் இடம் கொள்வதால்தான் சக்ஷன் லைன் பருமனாக இருக்கிறது. கையில் கிடைத்தது என்று அதைச் சிறுத்த ஹோஸால் மாற்றினால் கம்ப்ரசருக்கு வரும் ஆவி குறைந்து குளிர்ச்சியும் குறையும்.

இங்கே சிற்றூர்ப் பட்டறையின் நிலையையும் சொல்ல வேண்டும். டிராக்டர், மண் அள்ளும் இயந்திரம் போன்றவற்றுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் வெட்டி முனை அழுத்தித் தரும் கடைகள் இன்று தாலுகா ஊர்களிலும் உள்ளன. ஏசி ஹோஸையும் அங்கேயே அழுத்திக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. இயந்திரம் ஒன்றாகவே இருந்தாலும் பொருள் வேறு. ஹைட்ராலிக் ஹோஸ் எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் தாங்குமே ஒழிய வாயுவின் ஊடுருவலைத் தடுக்காது. ஏர் பிரேக் ஹோஸும் அவ்வாறே. ஏசிக்கெனச் செய்யப்பட்ட பேரியர் ஹோஸ், அதன் சுவரின் தடிப்புக்கேற்ற முனை, அம்முனைக்குப் பொருந்தும் அலுமினிய வளையம் ஆகிய மூன்றையும் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ மதுரையிலோ வாங்கிக்கொண்டு சென்று, அவற்றுக்குரிய அச்சு உள்ள கடையில் அழுத்துவதே முறை. பழங்காலத்து ஏசிகளில் முனையின் முட்கள் போன்ற வரிகள்மீது ஹோஸைச் செருகித் திருகு கிளிப்பால் இறுக்கியிருப்பார்கள். நைலான் படலமுள்ள ஹோஸை அந்த முட்கள் உள்ளேயே கீறிவிடும் என்பதால் கிளிப் முறை இதற்கு ஆகாது.

ஹோஸ் வெட்டும் வேலையைப் பார்த்தால் அது எவ்வளவு பொறுமை கேட்பது என்பது விளங்கும். பழைய ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே அதன் இரு முனைகளும் எந்தத் திசை பார்க்கின்றன என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்திய பின் முனையைத் திருப்ப இயலாது, திசை தவறினால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் அதே இடத்தில் வெடிக்கும். புதிய ஹோஸைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டி, ரப்பர்த் துகள் உள்ளே போகாதபடி வாயைக் கீழ்நோக்கித் தட்டி, முனையில் ஆயில் தடவி முழுதாகச் செருகி, வளையத்தில் உள்ள சிறு துளை வழியாக ஹோஸ் அடிவரை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அழுத்த வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சினின் சூடான புகைக்குழாய்த் தொகுதிக்கு, நெருங்காமலும், தகட்டின் விளிம்பில் உராயாமலும், எஞ்சின் ஆடும்போது இழுபடாமலும் சற்றே தளர்வு விட்டு அதை வழிநடத்த வேண்டும். திறந்த முனைகளை வேலை முடியும் வரை மூடி வைப்பது சாரல் காலத்தில் மிக முக்கியம். அதற்குக் காரணம் ஆயில்.

ஆர் 12 கார்களின் கம்ப்ரசரில் இருந்தது கனிம எண்ணெய். ஆர் 134ஏ அந்த எண்ணெயில் கரையாது. கரையாத ஆயில் வாயுவோடு சேர்ந்து சுற்றிவராமல் கூலிங் காயிலின் அடியிலும் கண்டென்சரிலும் தேங்கிவிட, கம்ப்ரசர் உலர்ந்து தேய்ந்து ஒருநாள் இறுகிவிடுகிறது. ‘134ஏ ஏற்றியதும் கம்ப்ரசர் போய்விட்டது’ என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுவே. பழி வாயுவின்மீது விழுகிறது, குற்றம் மாற்றாமல் விட்ட ஆயிலினுடையது. ஆர் 134ஏக்கு உரியது பி.ஏ.ஜி. என்னும் செயற்கை ஆயில்; பழைய காரை மாற்றும்போது எஸ்டர் என்னும் மற்றொரு செயற்கை ஆயிலும் பயன்படுகிறது, எஞ்சியிருக்கும் கனிம எண்ணெயோடு அது இணங்கிப் போவதால். எதுவானாலும் பழைய ஆயிலைக் கம்ப்ரசரிலிருந்து வடித்து, காயிலையும் கண்டென்சரையும் அதற்குரிய கழுவு திரவத்தால் அலசி, உலர் நைட்ரஜனால் ஊதி வெளியேற்றிவிட்டு, கம்ப்ரசர் தயாரிப்பாளர் குறிப்பிட்ட பிசுபிசுப்பு எண் கொண்ட ஆயிலைக் குறிப்பிட்ட அளவே ஊற்ற வேண்டும். பி.ஏ.ஜி. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தீவிரமாக உறிஞ்சக்கூடியது. குற்றாலத்துச் சாரல் காற்றில் மூடி திறந்தபடி அரைநாள் கிடந்த டப்பாவை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. பாதி மீந்ததைச் சேமிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுச் சிறு டப்பாவாக வாங்குவதே சிக்கனம்.

சுற்றைத் திறந்தாயிற்று என்றால் டிரையரை மாற்றாமல் மூடக்கூடாது. பழைய டிரையரில் உள்ள ஈரமுறிஞ்சும் மணிகள் ஆர் 134ஏக்கும் அதன் ஆயிலுக்கும் ஏற்றவையல்ல. அவை சிதைந்து மணலாக ஓடி வால்வை அடைக்கக்கூடும். ஓ ரிங்குகள் எல்லாவற்றையும் ஹெச்.என்.பி.ஆர். என்னும் மேம்பட்ட ரப்பரால் ஆனவையாக மாற்ற வேண்டும்; அவை பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். விலை மிகச் சிறியது, விட்டுவிட்டால் முழு வேலையும் வீணாகும். எக்ஸ்பான்ஷன் வால்வையும் ஆர் 134ஏக்கு உரியதாக மாற்றுவது நல்லது.

கண்டென்சரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்ப நாட்டில் மாற்றத்தின் வெற்றி அதில்தான் இருக்கிறது. கண்டென்சருக்குள் 55 பாகை செல்சியஸில் ஆர் 12இன் அழுத்தம் 13.5 முதல் 14 பார் வரை. அதே சூட்டில் ஆர் 134ஏ ஏறத்தாழ 15 பார். வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், கோடை நண்பகலில் கடையநல்லூர்க் கடைத்தெருவில் வண்டி நின்று நின்று நகரும்போது, கண்டென்சர் வழியே காற்று போதாமல் அழுத்தம் இன்னும் ஏறி, குளிர்ச்சி குறைந்து, எஞ்சின்மீது சுமை கூடும். பழைய வகைக் கண்டென்சரில் ஒரே நீண்ட குழாய் பாம்புபோல வளைந்து செல்லும். அதற்குப் பதிலாகப் பல சிறு குழாய்கள் இணையாக ஓடும் ‘பேரலல் ஃப்ளோ’ கண்டென்சரைப் பொருத்தி, முன்னால் மின்விசிறி ஒன்றும், அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சும் சேர்த்தால் ஆர் 134ஏ பழைய வாயுவுக்கு ஈடாகவே குளிரூட்டும். கையில் பணம் குறைவாக இருப்பவர் குறைந்தபட்சம் இருக்கும் கண்டென்சரின் இதழ்களில் அடைந்த பூச்சியையும் மண்ணையும் தண்ணீரால் அலசி, ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூடி, விசிறியைச் சரிபார்க்க வேண்டும்.

இனி வாயுத் தேர்வு. ஆர் 12 சட்டப்படி தயாரிக்கப்படாத பொருள். எங்கோ பழைய சிலிண்டர் இருக்கிறது என்று கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆர் 134ஏ எரியாதது, ஓசோனைச் சிதைக்காதது, ஆயிலும் உதிரிப்பாகமும் எங்கும் கிடைப்பது, இந்தியாவிலேயே தயாராவது. தொடக்கத்தில் சென்னையை அடுத்த மணலியில் டயருக்கான நைலான் இழை செய்த எஸ்.ஆர்.எஃப். நிறுவனமே இன்று ‘ஃப்ளோரான்’ என்ற பெயரில் அதை விற்கிறது. சிற்றூர்க் கடைகளில் 450 கிராம் கேனாகவும் கிடைக்கும். பழைய காருக்கு இதுவே தக்க தேர்வு.

அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுபவற்றுள் இரண்டு அபாயமானவை. வீட்டு ஏசிகளில் இருந்த ஆர் 22 மலிவாகக் கிடைத்தது என்று காரில் ஏற்றுவது முதலாவது: 55 பாகையில் அதன் அழுத்தம் 22 பாரை நெருங்குகிறது, காரின் கண்டென்சரும் ஹோஸும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. சமையல் எரிவாயுவை ஏற்றுவது இரண்டாவது. புரொப்பேனும் பியூட்டேனும் உண்மையில் நன்றாகவே குளிரூட்டும் என்பதும், வீட்டுக் குளிர்பெட்டிகள் பலவற்றில் இன்று ஐசோபியூட்டேன் இருப்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் குளிர்பெட்டியில் இருப்பது சில பத்து கிராம். முற்றிலும் பற்றவைத்து மூடிய சுற்று. காரிலோ சில நூறு கிராம், அதிரும் ஹோஸ்கள், முன்மோதலில் முதலில் நசுங்கும் கண்டென்சர், அனைத்துக்கும் மேலாக மூடிய சன்னல்களுக்குள் மனிதர்களின் முழங்காலருகே இருக்கும் கூலிங் காயில். அங்கே கசிந்த எரிவாயுவுக்கு ப்ளோயர் மோட்டாரின் ஒரு பொறி போதும். இதை எவரேனும் சிக்கனம் என்று சொல்லிக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். புதிய கார்களில் வரும் ஆர் 1234 ஒய்எஃப், புவி வெப்பமாதலில் மிகக் குறைந்த பங்குடையது என்றாலும், விலை மிகுந்தது, சற்றே எரியக்கூடியது, அதற்கென வடிவமைத்த சுற்றும் ஆயிலும் வேண்டுவது. பழைய காருக்கு அதைத் தேட வேண்டியதில்லை.

போலி வாயுவும் உண்டு. 2011இல் வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட கப்பல் குளிர்பதனக் கொள்கலன்கள் சில பின்னர் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தனர்; ஆர் 134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த வாயு ஏற்றப்பட்டு, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து காற்றுப் பட்டாலே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கியதே காரணம் என்று தெரியவந்தது. கார் கண்டென்சரும் அலுமினியமே. பெயர் தெரியாத சிலிண்டரைத் தவிர்த்து, முத்திரை உடையாத கேனைக் கண்ணெதிரே திறக்கச் சொல்வதற்கு வாடிக்கையாளர் தயங்க வேண்டியதில்லை.

வாயு ஏற்றுவதற்கு முன் கசிவுச் சோதனையும் ‘வேக்கம் போடுவதும்’ நடக்க வேண்டும். கசிவுக்கு உலர் நைட்ரஜனை அழுத்திச் சோப்பு நுரையால் பார்ப்பதே சரி. டயர்க் கடைக் காற்றைப் பயன்படுத்தினால் ஈரம் உள்ளே போவதுடன், அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர் 134ஏ எரியக்கூடியதாகவும் மாறலாம். வேக்கம் போடுவது உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியேற்ற மட்டுமன்று. ஈரத்தைக் கொதிக்க வைக்கவும்தான். 30 பாகை சூட்டில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 32 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். பழைய குளிர்பெட்டிக் கம்ப்ரசரைத் திருப்பிப் போட்டு ஐந்து நிமிடம் இழுப்பதில் இது நடவாது. நல்ல வேக்கம் பம்பு அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஓடி, பின் வால்வை மூடிச் சற்று நேரம் விட்டு, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும். காலப்போக்கில் வாயுவோடும் ஆயிலோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆடி மாதத்தில் இந்த வேலையைச் செய்பவர் வேக்கம் நேரத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

வாயுவின் அளவை எடையால் தீர்மானிக்க வேண்டும். ஆர் 12 இருந்த காருக்கு, அதற்கெனக் குறித்த எடையில் 80 முதல் 85 விழுக்காடு ஆர் 134ஏ போதும். ஒரு கிலோ என்றிருந்தால் 800 முதல் 850 கிராம். பழைய மெக்கானிக்குகள் டிரையரின் தலையில் உள்ள சிறு கண்ணாடியைப் பார்த்து, குமிழி மறையும் வரை ஏற்றுவார்கள். ஆர் 12இல் அது சரியான வழி. ஆர் 134ஏயில் சரியான அளவு நிறைந்த பின்னும் கண்ணாடியில் குமிழியோ வெண்கலங்கலோ தெரியலாம். அது மறையட்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் அளவு மிஞ்சி, உயரழுத்தப் பக்கம் எகிறி, குளிர்ச்சி குறைந்து, புதிதாகப் போட்ட ஹோஸ் முனையே முதலில் பதம் பார்க்கப்படும். கை பழகிய முறையை இந்த ஓரிடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தராசு ஒன்று பட்டறையில் இருந்தால் போதும்.

கசியும் வாயு எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆர் 134ஏ ஓசோனைத் தொடாவிட்டாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. அரைக் கிலோ கசிந்தால் 715 கிலோ கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. ஹோஸை மாற்றாமல் ஆண்டுதோறும் வாயு ஏற்றும் சிறிய கார் ஒன்று, பெட்ரோலால் விளைவிக்கும் கேட்டோடு இதையும் கூட்டிக்கொள்கிறது. இதனால்தான் 2016இல் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டு இவ்வகை வாயுக்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்தியா 2021இல் அதை ஏற்றது. 2028இல் பயன்பாடு மேலும் உயராமல் நிறுத்தி, 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047இல் 85 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டுள்ளது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உடனடித் தட்டுப்பாடு இல்லை. விலை மெல்ல ஏறும் என்று எதிர்பார்க்கலாம். காருக்குள் எஞ்சியிருக்கும் பழைய வாயுவைத் திறந்துவிடாமல் மீட்டெடுக்கும் கருவி தென்காசி போன்ற மாவட்டத் தலைநகரங்களில் பட்டறைகளின் கூட்டுச் செலவிலாவது வந்தாக வேண்டும்.

வேலை முடிந்த காரை ஓட்டும் விதத்திலும் ஹோஸின் ஆயுளும் சீலின் ஆயுளும் அடங்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் மூன்று மாதம் ஏசியைத் தொடாமல் விட்டால் ஷாஃப்ட் சீலின்மீதிருந்த ஆயில் படலம் உலர்ந்து வாயு கசியத் தொடங்கும்; ஆகவே தேவை இல்லாத நாளிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். இறுதியாகச் செய்ய வேண்டியது சிறு வேலை, பெரும்பாலும் மறக்கப்படுவது: பானட்டின் உட்புறத்தில் அழியாத மையால் ஒரு சீட்டு எழுதி ஒட்டுவது. அதில் ஆர் 134ஏ என்பதும், ஏற்றிய எடை எத்தனை கிராம் என்பதும், பி.ஏ.ஜி.யா எஸ்டரா என்பதும், அதன் எண்ணும், ஹோஸ் மாற்றிய தேதியும் இருக்க வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு புனலூர் வழியில் போகும்போது ஏசி நின்றுவிட்டால், ஆரியங்காவிலோ தென்மலையிலோ பானட்டைத் திறக்கும் அறியாத மெக்கானிக் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்பதை அங்கேயே தெரிந்துகொள்வார்.